தேத்தண்ணிக் கடை வாங்கு

நூற்றாண்டு மலருக்கு எங்கள் வகுப்புத் தோழியர் சார்பில் ஒரு கட்டுரை தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, பாடசாலையைச் சுற்றியிருந்த ஊரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தோம். கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் எழுத எங்களைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் எங்கள் வகுப்பினரிடம், பாடசாலை என்றதும் வாசலுக்கு வெளியே எது ஞாபகம் வருகிறது என்று கேட்டோம். வேப்பமரம் என்றார்கள், கோவில் மணி என்றார்கள், புளியங்காய் விற்ற ஆச்சி என்றார்கள். ஆனால் அதிகம் பேர் சொன்னது சந்தியிலிருந்த தேத்தண்ணிக் கடையை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கடைக்குள் எங்களில் ஒருவர்கூடக் காலடி வைத்ததில்லை. இடைவேளை மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாக மதிலைத் தாண்டி வரும் பருப்பு வடை வாசம் எங்களுக்குத் தெரியும். வாசலில் சாத்தியிருக்கும் சைக்கிள்களில் எது யாருடையது என்பதும் தெரியும். சொந்தச் சித்தப்பா உள்ளே இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடக்கவும் தெரியும். பதின்மூன்று வருடம் ஒவ்வொரு நாளும் கடந்துபோன ஓர் இடத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர்கள் நாங்கள். அந்தக் கடையும் அதைப்போன்ற கடைகளும் யாழ்ப்பாணத்துச் சமூகத்தில் வகித்த இடத்தை எழுத முனைந்தபோது, உள்ளே இருந்தவர்களிடம் கேட்க வேண்டியிருந்தது. வெளியே நிறுத்தப்பட்டவர்களிடமும் கேட்க வேண்டியிருந்தது.

தேநீர் யாழ்ப்பாணத்தின் பழைய பானமன்று. கண்டி மலைநாட்டில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையை வணிகப் பயிராக நாட்டியது 1867இல். அதற்குப் பின்னரும் நெடுங்காலம் எங்கள் ஊர்களில் காலையில் பழஞ்சோற்றுத் தண்ணீரும், வெயிலுக்கு மோரும், பருவத்தில் கருப்பநீரும், விருந்தினருக்குக் கோப்பியும்தான். செத்தவீட்டில் விடிய விடியக் கோப்பி ஊற்றும் வழக்கம் எங்கள் சிறுவயதிலும் இருந்தது. ஆண்கள் கூடியிருந்து பேசும் இடங்கள் என்றால் கோவில் மண்டபம், தெருமூடிமடம், வாசிகசாலை, இன்னொரு பக்கத்தில் கள்ளுத் தவறணை. 1905இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் புகையிரதம் முழுத்தூரமும் ஓடத் தொடங்கியது. அதனோடு வந்துபோகும் ஆட்கள் கூடினார்கள், சந்தைகள் பெருத்தன, பிறகு பஸ் வந்தது. காத்திருக்கும் மனிதனுக்குச் சூடாக ஏதாவது வேண்டும். புகையிரத நிலையத்தடியிலும் சந்தை வாசலிலும் பஸ் திரும்பும் சந்திகளிலும் கடைகள் முளைத்தன.

நகரத்துக்குள் வேறுவகைக் கடைகள் இருந்தன. வாழையிலை போட்டுச் சாப்பாடு பரிமாறிய சைவக் கடைகள் அவை. மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்களின் காலத்தை நினைவூட்டும் பெயரோடு மலாயன் கபே இன்றும் யாழ்ப்பாணப் பெரியகடைப் பக்கத்தில் நடக்கிறது. சாப்பிட்ட இலையை நாங்களே எடுத்துக்கொண்டு போய்ப் போடவேண்டும். விடுமுறையில் வரும் எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு புதினம். ஆனால் நாங்கள் இங்கே சொல்ல வந்தது அத்தகைய பெயர்பெற்ற கடைகளைப் பற்றியல்ல. பெயர்ப்பலகைகூட இல்லாத ஒழுங்கை முடக்குக் கடைகளைப் பற்றி.

கிடுகுக் கூரை, பிறகு ஓடு. முன்பக்கத்தில் பலகையை ஒவ்வொன்றாகக் கழற்றித் திறக்கும் வாசல். ஓயாமல் ஆவி விடும் செம்புப் பொயிலர், சாயம் ஊறிக் கறுத்துப்போன துணி வடி, வடையும் வாய்ப்பனும் சூசியமும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, கயிற்றில் தொங்கும் இதரை வாழைக்குலை. இரண்டு மேசை, நான்கு நீட்டு வாங்கு. இவ்வளவுதான் முதலீடு. முதலாளி, சமையற்காரர், கணக்கப்பிள்ளை எல்லாம் ஒருவரே. மனைவி பின்வளவில் இருந்து உளுந்து அரைத்துக் கொடுப்பார். அவர் முகத்தைக் கடையில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

இந்தக் கடைகளில் விற்கப்பட்டது தேநீர் மட்டுமன்று. மேசனுக்குக் கையாள் தேவையென்றால் காலை ஆறரைக்குக் கடையில் நின்றால் ஆள் கிடைக்கும். புகையிலைத் தரகர் விலை பேசுவதும் அங்கே. வீட்டு இலக்கம் சரியில்லாத கடிதங்களைத் தபாற்காரர் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். சாவுச் செய்தி வந்தால் முதலில் கடைக்கு வரும். கடையிலிருந்து சைக்கிள்கள் நாலு பக்கமும் போகும். கல்லாவுக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கும் கடன் கொப்பியில் பாதி ஊரின் பெயர் இருக்கும். அறுவடை முடிந்தபிறகுதான் அந்தக் கணக்குத் தீரும், சிலருடையது தீராது.

பத்திரிகை இன்னொரு பெரிய காரணம். 1959இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஈழநாடு வரத் தொடங்கியபோது அதை வீட்டுக்கு வாங்கக் கூடியவர்கள் கொஞ்சப்பேர். கடைக்கு ஒரு பிரதி வரும். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர் உரத்து வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், பிறகு வாதம் தொடங்கும். ஒரு பிளேன்ரீக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் இருந்தாலும் எழும்பச் சொல்ல மாட்டார்கள். எழுத்தாளர்களுக்கும் இப்படித்தான். மல்லிகை ஆசிரியர் டொமினிக் ஜீவா 1966இல் அந்தச் சஞ்சிகையைத் தொடங்கியபோது அவர் முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர். யாழ்ப்பாணத்து இலக்கியத்தில் பாதி சலூனிலும் தேத்தண்ணிக் கடையிலும் பேசப்பட்டது என்று எங்கள் தமிழாசிரியை சொல்லுவார். அப்படிச் சொன்னவரும் அந்தப் பேச்சைக் கேட்டவரல்லர்.

இதுவரை எழுதியதைப் பாடசாலையின் மூத்த பழைய மாணவி ஒருவரிடம் வாசித்துக் காட்டினோம். 1950களில் இங்கே படித்து, பின்னர் வேறு பாடசாலையில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் எல்லோருக்கும் ரீச்சர்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாரும் இருந்தவை எண்டு எழுதியிருக்கிறியள். ஆரார் இருந்தவை எண்டு கேட்டனீங்களோ?" என்றார்.

கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளின் வரலாற்றில் சாதியை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறாகாது. ஒடுக்கப்பட்ட சாதியினர் எனப்பட்டவர்கள் கடைக்குள்ளே வர முடியாது. வெளியே நின்று வாங்கலாம். போத்தலிலோ தகரப்பேணியிலோ சிரட்டையிலோ ஊற்றிக் கொடுப்பார்கள். சில இடங்களில் அவர்களுக்கென்று தனிக் கிளாஸ் வெளியே வைக்கப்பட்டிருந்தது. குடித்தபின் அதைக் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். 1940களில் இருந்து சிறுபான்மைத் தமிழர் மகாசபை இதற்கு எதிராகப் போராடியது. 1957ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாகக் கடையிலோ உணவகத்திலோ ஒருவரை அனுமதிக்க மறுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் கொழும்பில் நிறைவேறியது. சந்திக் கடையில் கிளாஸ் இருந்த இடத்திலேயே இருந்தது.

1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கித் தீண்டாமைக்கு எதிராக ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பொலிசார் தாக்கினார்கள், ஊர்வலம் கலையவில்லை. அதைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம் என்று தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலுக்கு அது வந்தபோதுதான் வெளியுலகம் கவனித்தது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலில் இந்தக் காலத்தைப் படிக்கலாம். எங்கள் வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் படித்ததாக எங்களில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களை எண்ணிட்டு எழுதத் தெரிந்த எங்களுக்கு, சைக்கிளில் அரை மணித்தியாலத் தூரத்தில் நடந்தது தெரியாது.

ரீச்சர் சொன்னதை அவருடைய அனுமதியோடு எழுதுகிறோம். ஆறாம் வகுப்புக்கு இங்கே அனுமதி கிடைத்த வருடம் அவரை ஐயா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனாராம், சப்பாத்து வாங்க. புதுச் சீருடையைக் கழற்ற மனமில்லாமல் அதோடேயே போயிருக்கிறார். வெயில். வழியில் ஒரு கடையடியில் ஐயா நிறுத்தினார். அவருக்குப் போத்தலில் வந்தது. கடைக்காரர் சீருடையைக் கண்டு, "பிள்ளை, நீர் ஏன் வெயிலுக்க நிக்கிறீர், உள்ளுக்கு வந்து இரும்" என்று கூப்பிட்டிருக்கிறார். யாருடைய பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவரை வேலையாள் என்று நினைத்துவிட்டார் போலும். "ஐயா என்னைப் பாத்து, போய்க் குடி எண்டு தலையாட்டினார். நான் போகேல்லை. திரும்பி வரேக்க ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை" என்றார் ரீச்சர்.

பாடசாலையில் எப்படி இருந்தது என்று கேட்கத் தயங்கினோம். அவரே சொன்னார். யாழ்ப்பாணத்தில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருந்து படிக்க வேண்டும் என்ற உத்தரவு 1930ஐ ஒட்டியே வந்துவிட்டது. அதற்கு எதிர்ப்பாகச் சில ஊர்களில் பாடசாலைகள் எரிக்கப்பட்டதும் உண்டு. அவர் படித்த காலத்தில் வகுப்பறையில் யாரும் நிலத்தில் இருத்தப்படவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டின்போது அவருடைய பெட்டியிலிருந்து கறி எடுத்துச் சாப்பிட்டவர் ஒரேயொரு தோழிதான். அந்தத் தோழியின் பெயரை எங்களுக்குச் சொன்னார். தன்னுடைய பெயரை மட்டும், "போடாதேங்கோ பிள்ளை, பேரப்பிள்ளையளின்ரை கலியாணம் பேசிக்கொண்டிருக்கினம்" என்றார். 2020களில் இதைச் சொல்கிறார். நாங்கள் பேனாவை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தோம்.

எங்கள் காலத்தில் தனிக் கிளாஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. இருந்ததா, நாங்கள்தான் காணவில்லையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. தெருவோரமாக நடந்து போகிற பெண்பிள்ளையின் கண்ணுக்கு எத்தனை தெரியும்?

1990 ஜூனில் மீண்டும் சண்டை தொடங்கியது, மின்சாரம் போயிற்று, பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், பற்றரி, சவர்க்காரம் என்று பட்டியல் நீண்டது. அந்த ஐந்து வருடங்களில் சந்திக் கடை முன்னெப்போதையும்விட முக்கியமானது. சீனி கிடைக்காதபோது பனங்கட்டித் துண்டொன்றைக் கையில் கொடுத்துச் சாயத்தண்ணியை ஊற்றினார்கள். கடித்துக் கடித்துக் குடித்தார்கள். பால்மா அருமையானதால் பால்த்தேத்தண்ணி என்ற சொல்லே வழக்கொழிந்து போனது. பத்திரிகைத் தாளுக்குத் தட்டுப்பாடு வந்து, கோடிட்ட கொப்பித் தாளில் உதயன் அச்சாகி வந்த நாட்களும் உண்டு. இரவு பிபிசி தமிழோசை கேட்க, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒரு பொடியன் பெடலைச் சுற்றுவான். டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் போகும். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி தேய்ந்துவிடும். கிளாலிப் பாதை திறந்திருக்கிறதா, கடலில் யார் போனார்கள், யார் வந்து சேரவில்லை, எந்தப் பக்கம் ஷெல் விழுந்தது எல்லாம் கடையில்தான் முதலில் தெரியும்.

அப்பாக்கள் கடையிலிருந்து வந்து சொல்வதை அம்மாக்கள் கேட்டார்கள், அம்மாக்கள் வேலிக்கு மேலால் சொல்வதை அயலார் கேட்டார்கள், நாங்கள் ரியூசனில் பரிமாறிக்கொண்டோம். எங்களுக்கு வந்துசேரும்போது செய்தி மூன்றாம் கை மாறியிருக்கும். கணவன் இல்லாத வீடுகளுக்கு அதுவும் வராது. எங்கள் வகுப்புத் தோழி ஒருவரின் தாயார், ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து கொண்டிருப்பதை ஒருமுறை மிகவும் பிந்தியே அறிந்தார். கடைக்குப் போக அந்த வீட்டில் ஆண் யாரும் இருக்கவில்லை. இதைக் கேட்கும்போது யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. கடைக்காரர் நல்ல மனிதர். அந்தத் தாயார் போய்க் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். போவது வழக்கமில்லை, அவ்வளவுதான்.

பெண்கள் வெளியே இருந்து உண்ணக்கூடிய இடம் இல்லாமலில்லை. சைவக் கடைகளில் திரைச்சீலை தொங்கும் குடும்ப அறை உண்டு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஐஸ்கிறீம் கடைக்குக் குடும்பமாகப் போகலாம். ஆனால் அது போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற இடம். இருந்து கதைக்கிற இடமல்ல.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி. அதைப்பற்றி இந்த மலரில் வேறு சிலரும் எழுதியிருப்பார்கள். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே மணிக்கணக்காயிற்று. நாங்கள் உயர்தர வகுப்பு மாணவிகள். எங்களில் பலர் ஒருவர் குடும்பத்தை மற்றவர் காணாமல் அந்தச் சனத்துக்குள் நடந்துகொண்டிருந்தோம். விடிந்து நெடுநேரத்துக்குப் பிறகு, சாவகச்சேரியைத் தாண்டிக் கொடிகாமப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை திறந்திருந்தது. கடைக்கார ஐயா பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். விற்பதற்கு வடையுமில்லை, வாழைப்பழமுமில்லை. நனைந்துபோன புத்தகப் பைகளோடு நின்ற எங்களைப் பார்த்து, வாங்கிலிருந்த ஆண்களை எழும்பச் சொன்னார். "பிள்ளையள், உள்ளுக்கு வந்து இருங்கோ. காசைப் பற்றி யோசியாதேங்கோ."

அதுதான் நாங்கள் முதன்முதல் இருந்த தேத்தண்ணிக் கடை வாங்கு. தேய்ந்து வழுவழுத்துப்போன பலகை. எங்களுக்கு எதிரில் யாரென்று தெரியாத ஒரு குடும்பம்; எல்லோருக்கும் ஒரேவிதமான எவர்சில்வர் பேணியில் கஞ்சி. இருபத்தைந்து, முப்பது வருடத்துக்கு முன்னர் இதே பக்கத்துக் கடைகளில் யார் உள்ளே இருக்கலாம் என்பதற்கு அடிபாடு நடந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ரீச்சரும் அந்த ஊர்வலத்தில்தான் நடந்துவந்தார் என்று இப்போது அறிந்தோம்.

வைத்தியத் தொழிலுக்கு வந்தபின் இந்தக் கடைகளை வேறு கண்ணால் பார்க்கப் பழகிவிட்டோம். நன்றியோடு எழுதுகிற கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட்டால் கிளினிக்கில் எங்களுடன் வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம். மலகூடக் குழியும் கிணறும் அருகருகே இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கசிய அதிக நேரம் எடுக்காது. நெருப்புக் காய்ச்சல் எங்கள் குடாநாட்டை நீண்டகாலமாக விடாத நோய். ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுவதும் கிளாஸ் அலம்பிய கடைகளுக்கு அதில் பங்குண்டு. ஒரு பக்கத்தில் தனிக் கிளாஸ் வைத்துத் துடக்குப் பார்த்தார்கள், மறுபக்கத்தில் அந்த வாளி. பிறகு சீனி. ஒரு பிளேன்ரீக்கு மூன்று கரண்டி, நாளுக்கு ஐந்து பிளேன்ரீ, ஒவ்வொன்றோடும் ஒரு வடை என்று கணக்குச் சொல்கிற நீரிழிவு நோயாளரிடம் கடைப்பக்கம் போகாதேங்கோ என்று சொல்லியிருக்கிறோம்.

அப்படிச் சொன்னதில் ஒரு பிழை இருந்ததைப் பின்னர் கண்டோம். மனைவியை இழந்த, பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கும் முதியவர் ஒருவர் எங்கள் சொல்லைக் கேட்டுக் கடைக்குப் போவதை நிறுத்தினார். சீனியின் அளவு குறைந்தது. அடுத்தடுத்த கிளினிக்குகளில் மனிதரும் குறைந்துகொண்டு வந்தார். நித்திரையில்லை, பேச்சில்லை, மருந்தும் ஒழுங்காக எடுப்பதில்லை. ஏன் என்று விசாரித்தபோது, "கதைக்க ஆளில்லை டொக்டர்" என்றார். திரும்பக் கடைக்குப் போங்கோ, சீனி போடாமல் குடியுங்கோ என்று சொல்லி அனுப்பினோம். இப்போது முதிய நோயாளர் வந்தால் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதோடு, பின்னேரத்தில் எங்கே போய் இருப்பீர்கள் என்றும் கேட்கிறோம். பெண்களிடம் கேட்டால் பெரும்பாலும் விடை, "எங்கை போறது, வீட்டிலைதான்."

புலம்பெயர்ந்த எங்கள் தோழியருக்கு இந்தக் கதை வேறுவிதமாகத் தொடர்ந்தது. பாரிஸ் லா சப்பலில், புகையிரத நிலையத்தடித் தமிழ்க் கடைகளில்தான் தன் கணவருக்கு முதல் வேலையும் முதல் அறையும் கிடைத்தன என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் விசாக் கதை, வழக்கறிஞர் கதை, ஊர்ச்சாவு எல்லாம் அங்கே பேசப்பட்டனவாம். ஸ்காபரோவில் கொத்துரொட்டிக் கடையில் மகளோடு இருந்து தேத்தண்ணி குடிப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று இன்னொருவர் எழுதினார். அந்த வரியில் இருந்த சந்தோசம் எங்களுக்கு விளங்கியது.

எங்கள் சந்திக் கடை இன்று இல்லை. கடைக்கார ஐயா காலமாகிவிட்டார், பிள்ளைகள் சுவிசில். அந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடை இருக்கிறது. ஏ9 பாதை திறந்து, 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரத் தொடங்கியபின் குளிரூட்டிய கடைகள் பல வந்திருக்கின்றன. பெண்பிள்ளைகள் தாராளமாக இருந்து கதைக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு கோப்பிக்குக் கொடுக்கிற காசு கூலிக்காரருக்கு எட்டாது. பொயிலர் வைத்த பழைய கடைகள் சந்தைகளடியில் இன்னும் இருக்கின்றன, பெரும்பாலும் ஆண்களோடு.

திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் நடக்கும் அம்மாச்சி உணவகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு என்று மற்ற இடங்களிலும் உண்டு. சமைப்பதும் விற்பதும் பெண்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அடுப்பு, அவரவர் வருமானம் அவரவருக்கு. அவர்களில் தனியே குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் பலர். முன்னர் பின்வளவில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்த கை இங்கே கல்லாவில் இருக்கிறது. குரக்கன் தோசை, உளுந்தங்களி, இலைக்கஞ்சி என்று வைத்தியர்கள் பயப்படத் தேவையில்லாத சாப்பாடும் கிடைக்கும். கந்தோர்க்காரரும் ஓட்டோக்காரரும் பல்கலைக்கழக மாணவிகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இந்தக் கட்டுரையின் இறுதிப் படியைக் காட்டுவதற்கு ரீச்சரை அங்கேதான் கூட்டிக்கொண்டு போனோம். போகும் வழியில், இயக்கக் காலத்தில் தானும் அண்ணனும் ஒரு கடைக்குள் போய் இருந்த கதையைச் சொன்னார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. கடைக்காரர் வெகுநேரம் திரும்பிப் பார்க்கவில்லையாம். பிறகு இரண்டு கிளாஸ் கொண்டுவந்து மேசையில் தூரத்தில் வைத்தாராம். "ஆறிப்போன தேத்தண்ணி. ஆனாலும் முழுக்கக் குடிச்சிட்டுத்தான் எழும்பினனாங்கள்."

அம்மாச்சியில் எங்கள் பங்குக்குத் தோசையும் அவருக்குத் தேத்தண்ணியும் எடுத்துவந்தோம். ரீச்சர் படியை வாசித்து, இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை திருத்தினார். பிறகு தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு கரண்டி சீனி போடச் சொன்னார். அவருடைய இரத்தச் சீனி அளவு எங்களுக்குத் தெரியும். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.